ஷாட் அடித்த பிறகு வந்த மோதல் ஃபவுல் ஆகுமா?

மாவட்ட அளவிலான ஒரு நாக்-அவுட் கால்பந்துப் போட்டியில் தன் அணிக்கு நடந்ததை எழுதி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஃபார்வர்டு பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள்) பந்தை வாங்கி கோலை நோக்கி அடித்தார். பந்து போஸ்ட்டை ஒட்டி வெளியே போனது. பந்து காலை விட்டுப் போன பிறகு எதிரணி டிஃபெண்டர் சறுக்கிக்கொண்டு வந்து, அவர் ஊன்றியிருந்த கணுக்காலில் மோதினார். ரெஃப்ரி கோல் கிக் காட்டினார், அதாவது பந்தை எதிரணிக்கே கொடுத்தார். கேப்டன் போய்க் கேட்டதற்கு, "அவர்தான் ஷாட் எடுத்துட்டாரே, அப்புறம் எதுக்குப் பெனால்டி?" என்றாராம். இப்படி ஒரு விதி இருக்கிறதா, பந்து போய் எவ்வளவு நேரம் கழித்து மோதினால் ஃபவுல், மொபைலில் எடுத்த வீடியோவை வைத்து இதை முடிவு செய்யலாமா என்பவை நண்பரின் கேள்விகள்.

இதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பந்து காலை விட்டுப் போனதும் அந்த ஆட்டக்காரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும் போய்விடுமா என்பது ஒன்று. அதற்கு உறுதியான பதில் இருக்கிறது: போகாது. தாமதமாக வந்த மோதல் எந்த இடத்தில் ஃபவுல் ஆகிறது, எங்கே மஞ்சள் அட்டை (எச்சரிக்கை), எங்கே சிவப்பு அட்டை (வெளியேற்றம்) என்பது இன்னொன்று. அதில் சட்டம் ஒரு வரம்பு வரை வழிகாட்டும். மீதியை ரெஃப்ரிதான் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மாவட்ட லீக், கல்லூரிப் போட்டி, பொங்கல் டோர்னமென்ட் என்று பல வருடமாக விசில் ஊதிவருகிறேன், புதிதாக வரும் ரெஃப்ரிகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அதனால் அது பெனால்டிதான் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரெஃப்ரி சொன்ன காரணம் தவறு என்று தயங்காமல் சொல்வேன்.

ஃபவுல்களைப் பற்றிச் சொல்வது கால்பந்துச் சட்டத்தின் 12-ஆம் விதி. ஓர் எதிரணி ஆட்டக்காரரை உதைப்பது, தட்டிவிடுவது, மேலே பாய்வது, தள்ளுவது, இடிப்பது, டேக்கிள் செய்வது ஆகியவை கவனக்குறைவாகவோ, முரட்டுத்தனமாகவோ, அளவுக்கு மீறிய பலத்துடனோ நடந்தால் டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோலுக்கே அடிக்கக்கூடிய ஃப்ரீ கிக். பாக்ஸுக்குள் என்றால் பெனால்டி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடிபட்டவரிடம் பந்து இருந்திருக்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. ஷாட்டுக்குப் பின் என்று ஒரு விலக்கும் இல்லை. நடு மைதானத்தில் மிட்ஃபீல்டர் பாஸ் கொடுத்த பிறகு ஒருவர் வந்து அவர் காலில் மோதினால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விசில் ஊதப்படும், ஃப்ரீ கிக் கிடைக்கும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். "பாஸ் கொடுத்துட்டாரே, அப்புறம் என்ன?" என்று எந்த ரெஃப்ரியும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே மோதல் பாக்ஸுக்குள் நடந்தால் மட்டும் அளவுகோல் மாறுவதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. தண்டனை பெரியது என்பதால் ரெஃப்ரிக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவுதான். அந்த நடுக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை விதி என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

பந்து ஆட்டத்தில் இருப்பது என்ற நிபந்தனைதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினாலோ ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினாலோதான் ஆட்டம் நின்றதாகக் கணக்கு. பெனால்டி புள்ளிக்குப் பக்கத்திலிருந்து, அதாவது கோலிலிருந்து 11 மீட்டர் தூரத்திலிருந்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 22 மீட்டர். பந்து கோட்டைத் தாண்ட அரை நொடி ஆகும். அந்த அரை நொடிக்குள் மோதல் நடந்திருந்தால் ஃபவுல் நடந்தது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது. பந்து பிறகு வெளியே போனது அதை அழிக்காது. அது ஃபவுல்தான் என்றால் பெனால்டிதான். பந்து கோட்டைத் தாண்டிய பிறகு மோதினால் பெனால்டி கிடையாது, ஆட்டம் கோல் கிக்கில்தான் தொடங்கும். ஆனால் அட்டை உண்டு. நின்றுபோன ஆட்டத்திலும் மஞ்சளும் சிவப்பும் காட்ட ரெஃப்ரிக்கு முழு அதிகாரம் இருக்கிறது. பந்து கோலுக்குள் போயிருந்தால் கோல் செல்லும், மோதியவருக்கு அவர் செய்ததற்கு ஏற்ற அட்டை தனியாக வரும்.

சில ரெஃப்ரிகள் வேறொரு வாதம் வைப்பார்கள். "ஷாட் அடிக்க வாய்ப்புக் கிடைத்ததே, அதுதான் அட்வான்டேஜ்." இது காலக்கிரமத்தையே புரட்டிப் போடுகிறது. அட்வான்டேஜ் என்பது ஃபவுலுக்குப் பிறகு அடிபட்ட அணிக்குக் கிடைக்கும் பலன். ஃபவுலுக்கு முன்பே அடித்து முடித்த ஷாட் எப்படி அந்த ஃபவுலின் அட்வான்டேஜ் ஆகும்? ஷாட் அடிப்பதோடு ஃபார்வர்டின் வேலை முடிவதும் இல்லை. கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து, போஸ்ட்டில் பட்டுத் திரும்பும் பந்து, இவற்றுக்கு முதலில் ஓட வேண்டியவர் அவர்தான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே கிடப்பவரால் அது முடியாது.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. ஷாட்டுக்குப் பிந்தைய எல்லாத் தொடுதலும் ஃபவுல் இல்லை. கால்பந்து உடலோடு உடல் படும் ஆட்டம். தொட்டாலே ஃபவுல் என்று சட்டம் சொல்லவில்லை. பந்தைத் தடுக்க வந்த டிஃபெண்டரும் காலை வீசிய ஃபார்வர்டும் வந்த வேகத்தில் உரசிக்கொள்வதும், தோளோடு தோள் மோதி இருவரும் தடுமாறுவதும் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடக்கிறது. டிஃபெண்டர் முன்கூட்டியே வந்து காலை ஊன்றி நிற்கிறார், ஃபார்வர்டு ஷாட் அடித்த வேகத்தில் தன் காலைக் கொண்டுபோய் அவர் காலில் இடித்துக்கொண்டு கீழே விழுகிறார் என்றால், அங்கே டிஃபெண்டர் செய்த தப்பு எதுவும் இல்லை. சில நேரம் ஃபவுல் செய்தவர் ஃபார்வர்டாகவே இருப்பார். பெரிய லீக்குகளிலும் ஷாட்டுக்குப் பிறகு வரும் லேசான மோதல்களை ரெஃப்ரிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது நடைமுறை. அந்த நடைமுறையைப் பார்த்துப் பார்த்துத்தான் "ஷாட் எடுத்துவிட்டால் பெனால்டி இல்லை" என்று டிவி பார்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உருவாகிவிட்டது என்று நினைக்கிறேன். லேசான மோதலுக்குப் பொருந்துவதைக் கணுக்காலில் ஸ்டட்ஸோடு (பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்களோடு) இறங்கும் மோதலுக்கும் பொருத்துவதுதான் தவறு.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். நொடிக்கணக்கு எதுவும் இல்லை, அப்படி ஒரு கணக்கு இருந்தால் அது உதவவும் செய்யாது. ஓடிவரும் டிஃபெண்டர் நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் வருகிறார் என்றால் அரை நொடியில் மூன்றரை மீட்டர் கடந்துவிடுவார். எந்த மனிதராக இருந்தாலும் கண்ணால் பார்த்ததற்கு உடம்பு பதில் சொல்லச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். ஆகவே பந்து போன கணத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் ஏற்கெனவே தரையில் சறுக்கிக்கொண்டிருப்பவரால் நிறுத்தவே முடியாது. மூன்று மீட்டர் தள்ளி, இன்னும் இரண்டு காலில் ஓடிக்கொண்டிருப்பவரால் முடியும். அதனால் மோதிய கணத்தை விட, அவர் தரையை விட்டு உடம்பை எறிந்த கணத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பந்து அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா? எட்டாது என்று தெரிந்தும் எறிந்தாரா? எட்டும் என்று நம்பி எறிந்து, ஃபார்வர்டு முந்திக்கொண்டாரா? நிறுத்த முடியவில்லை என்பது ஒரு விளக்கம்தான், அது மன்னிப்பு ஆகாது. நிறுத்த முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்தது அவருடைய சொந்த முடிவு. ஆனாலும் பந்துக்கு நியாயமான வாய்ப்பு இருந்து, கால் தாழ்ந்து, கடைசியில் காலை மடக்கிக்கொள்ள முயன்றவரையும், வாய்ப்பே இல்லாமல் நீட்டிய காலோடு வந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சட்டத்தில் உள்ள மூன்று படிகள் இதற்குத்தான். கவனக்குறைவு என்றால் எதிராளியைப் பற்றிய அக்கறையோ முன்னெச்சரிக்கையோ இல்லாமல் வருவது. ஃபவுல் மட்டும், அட்டை கிடையாது. முரட்டுத்தனம் என்றால் எதிராளிக்கு என்ன ஆகும் என்பதைப் பொருட்படுத்தாமல் வருவது. மஞ்சள் அட்டை கட்டாயம். தேவைக்கு மீறிய பலத்தைக் காட்டினாலோ எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கினாலோ சிவப்பு அட்டை கட்டாயம். இந்த மூன்றிலும் வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். 1995 திருத்தத்துக்கு முன்பு விதியில் அது இருந்தது. ஆட்டக்காரரின் மனதுக்குள் என்ன ஓடியது என்று ரெஃப்ரி ஊகிக்க வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை மட்டும் பார்த்தால் போதும். நம் ஊர் மைதானங்களில் இன்றும் கேட்கும் "சார், வேணும்னு பண்ணல சார்" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இப்போது இடம் இல்லை.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம் 2013 மார்ச் மாதம் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் ரியல் மாட்ரிட்டும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். உயரத்திலிருந்து இறங்கிய பந்தை எடுக்க யுனைடெட்டின் நானி காலை உயர்த்துகிறார். கண் முழுக்கப் பந்தின் மேல். பக்கத்தில் மாட்ரிட்டின் அர்பெலோவா வருவதை அவர் பார்க்கவில்லை. ஸ்டட்ஸ் அர்பெலோவாவின் உடம்பில் இறங்குகிறது. துருக்கி ரெஃப்ரி ஜுனெய்த் சாகிர் சிவப்பு அட்டை காட்டினார். அது சிவப்பா மஞ்சளா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது, நியாயமான ஆட்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் "அவர் பந்தைத்தானே பார்த்தார்" என்பது மட்டும் அந்த வாதத்தை முடிக்காது. எதிராளி வரக்கூடிய இடத்தில் அந்த உயரத்தில் ஸ்டட்ஸை நீட்டியதுதான் அங்கே கேள்வி.

அட்டையின் நிறத்தை முடிவு செய்ய நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். முழங்கால் மடங்கியிருந்ததா, நேராக விறைத்து நீட்டியிருந்ததா. பட்டது பாதத்தின் பக்கவாட்டா, ஸ்டட்ஸா. பட்ட இடம் பூட்ஸா, கணுக்காலுக்கு மேலா, முழங்காலா. ஒரு காலாவது தரையில் இருந்ததா, உடம்பு முழுக்கக் காற்றில் இருந்ததா. எவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வந்தார். இவற்றில் எதுவும் தனியாக முடிவைச் சொல்லாது. இரண்டு மூன்று சேர்ந்தால் நிறம் மாறும். உங்கள் விவரத்தில் என் கவனத்தை இழுத்தது "ஊன்றியிருந்த கணுக்கால்" என்பது. ஷாட் அடிப்பவரின் உடல் எடை முழுவதும் அந்த ஒற்றைக் காலில் இருக்கிறது. அவருடைய ஸ்டட்ஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடித்த கால் இன்னும் மேலே வீசிக்கொண்டிருப்பதால் அவரால் குதித்து ஒதுங்கவும் முடியாது. காற்றில் இருக்கும் காலில் அடி விழுந்தால் கால் ஒதுங்கிக்கொள்ளும். ஊன்றிய காலில் விழும் அடி முழுக்கக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும்தான் போகும். அதே வேகம், அதே டிஃபெண்டர் என்றாலும், ஊன்றிய காலில் ஸ்டட்ஸோடு மோதினால் நான் ஒரு படி மேலே யோசிப்பேன். நம் பக்கத்துச் செம்மண் மைதானங்களில் வெயில் காலத்தில் சறுக்கினால் சீக்கிரமே நின்றுவிடும்; மழைக்குப் பிறகு அதே சறுக்கல் இரண்டு மூன்று அடி கூடுதலாக இழுத்துக்கொண்டு போகும். ஆடுபவருக்கு அது தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

தாமதமான மோதல்களில் கோல்கீப்பர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஏதோ சலுகை இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். 1982 ஜூலை 8, ஸ்பெயினின் செவில் நகரில் உலகக் கோப்பை அரையிறுதி, மேற்கு ஜெர்மனியும் பிரான்சும். பிரான்சின் மாற்று ஆட்டக்காரராக வந்த பாத்திஸ்தோன் தனியாக ஓடிப்போய்ப் பந்தைக் கோலை நோக்கித் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாகர் பாய்ந்து, உடம்பைத் திருப்பி, இடுப்பால் அவர் முகத்தில் மோதினார். பாத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பற்கள் போயின, முதுகெலும்பில் காயம். பந்து போஸ்ட்டுக்கு வெளியே போனது. டச்சு ரெஃப்ரி கோர்வர் கொடுத்தது கோல் கிக். ஃபவுல் இல்லை, அட்டை இல்லை. 3-3 என்று முடிந்த அந்த ஆட்டத்தைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜெர்மனி வென்றது. அதில் ஷூமாகர் இரண்டு பந்துகளைத் தடுத்தார். உங்கள் ஆட்டத்தில் நடந்ததன் உருவம் அப்படியே இதில் இருக்கிறது: ஷாட், வெளியே போன பந்து, மோதல், கோல் கிக். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த முடிவை நியாயப்படுத்தும் ஒரு ரெஃப்ரி பயிற்சியாளரை நான் சந்தித்ததில்லை. இன்றைய விதிப்படி சிவப்பு அட்டையில் விவாதமே இல்லை.

ஆட்டம் வேறு காரணத்தால் நின்றாலும் மோதலைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 2020 அக்டோபர் 17 எவர்டன், லிவர்பூல் ஆட்டம் நல்ல பாடம். எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு பாய்ந்து வந்து லிவர்பூலின் வான் டைக்கின் முழங்காலில் மோதினார். வான் டைக் ஆஃப்சைடு (டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால் நின்ற குற்றம்) என்பதால் பெனால்டி இல்லை, அது சரி. ஆனால் எல்லோருடைய கவனமும் ஆஃப்சைடிலேயே போய்விட்டது. பிக்ஃபோர்டுக்கு மஞ்சள்கூட வரவில்லை. வான் டைக்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுவதும் போயிற்று. ஆஃப்சைடு ஃப்ரீ கிக்கைக் கொடுத்துவிட்டே சிவப்பு அட்டையையும் காட்டியிருக்கலாம். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதும் ஆட்டக்காரருக்கு என்ன தண்டனை என்பதும் இரண்டு தனித்தனி முடிவுகள். உங்கள் ரெஃப்ரியும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்று தோன்றுகிறது.

அதே நேரத்தில், காயத்தைப் பார்த்து அட்டையை முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 நவம்பர் 3, எவர்டனும் டாட்டன்ஹாமும். டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின் பின்னாலிருந்து எவர்டனின் ஆந்த்ரே கோமெஸின் காலைத் தட்டிவிட்டார். கோமெஸ் நிலைகுலைந்து விழும்போது இன்னொருவரோடு மோதி, கணுக்கால் எலும்பு முறிந்து திரும்பிக்கொண்டது. ரெஃப்ரி அட்கின்சன் முதலில் மஞ்சள் அட்டையை எடுத்தார், காயத்தின் கோரத்தைப் பார்த்த பிறகு அதைச் சிவப்பாக மாற்றினார். மேல்முறையீட்டில் அந்தச் சிவப்பு அட்டை ரத்தானது. டேக்கிள் தவறுதான், ஆனால் அந்த டேக்கிளில் அவ்வளவு பலம் இல்லை. காயம் துரதிர்ஷ்டவசமாகச் சேர்ந்தது. இதற்கு நேர் எதிராக, இரண்டு காலையும் தூக்கிப் பாய்ந்தவரிடமிருந்து ஃபார்வர்டு எப்படியோ குதித்துத் தப்பித்துவிட்டால், ஒரு கீறல் இல்லாவிட்டாலும் அது சிவப்பு அட்டைக்கு உரிய செயலாக இருக்கலாம். உதைக்கவோ தட்டிவிடவோ முயல்வதும் ஃபவுல்தான் என்று விதியிலேயே இருக்கிறது. உங்கள் ஃபார்வர்டுக்கு ஒரு மாதம் ஆட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மாதத்தை வைத்து ஃபவுலை அளக்காதீர்கள்.

"பந்தைத்தான் முதலில் தொட்டேன்" என்ற வாதத்தையும் முடித்துவிடுகிறேன். முதலில் பந்தைத் தொட்டால் ஃபவுல் இல்லை என்று விதியில் எங்கும் இல்லை. பந்தைச் சுத்தமாக எடுத்து, பிறகு வேகத்தில் லேசாக உரசினால் நான் விட்டுவிடுவேன். பந்தைத் தட்டிவிட்டு அதே கால் ஸ்டட்ஸோடு மேலே ஏறி எதிராளியின் முழங்கால் எலும்பில் நின்றால், பந்து பட்டது அவருக்கு உதவாது. பந்தை எடுத்தது ஆட்டத் திறமை. எடுத்த முறையில் இன்னொருவரின் கால் போகக் கூடாது.

ரெஃப்ரி ஏன் இதைத் தவறவிடுகிறார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவர் மேல் உள்ள கோபம் கொஞ்சம் குறையலாம். ஷாட் அடித்ததும் மைதானத்தில் உள்ள எல்லாக் கண்களும் பந்தின் பின்னால் ஓடுகின்றன. ரெஃப்ரியின் கண்ணும் இயல்பாக அங்கேதான் போகும். அதைத் தடுக்கப் பழக வேண்டும். பாஸோ ஷாட்டோ போன பிறகும் ஒரு கணம் அடித்தவர் மேலேயே கண்ணை வைத்திரு, பந்து எங்கே போனது என்று கூட்டத்தின் சத்தமே சொல்லிவிடும் என்று புதியவர்களுக்குச் சொல்வேன். தூரத்தை விட நிற்கும் கோணம் முக்கியம். இரண்டு ஆட்டக்காரர்களும் ஒரே கோட்டில் தெரியும்படி பின்னால் நின்றால், பத்து மீட்டரில் நின்றாலும் காலுக்கும் காலுக்கும் இடையே என்ன நடந்தது என்று தெரியாது. பக்கவாட்டில் நின்றால் இருபது மீட்டரிலிருந்தும் தெரியும். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் ஸ்டட்ஸால் உதைத்தார். ஹோவர்டு வெப் காட்டியது மஞ்சள். தன் பார்வையை இன்னொரு ஆட்டக்காரர் மறைத்துவிட்டார் என்றும், அது சிவப்பு அட்டைக்கு உரியது என்றும் அவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். உலகத்தின் மிக நல்ல ரெஃப்ரிகளில் ஒருவருக்கு, இறுதி ஆட்டத்தில், இரண்டு உதவி ரெஃப்ரிகள் இருந்தும் அது நடந்தது. நம் டோர்னமென்ட்டுகளில் பல நேரம் ரெஃப்ரி தனி ஆள். கொடி பிடிப்பவர் ஏதோ ஓர் அணியின் சப்ஸ்டிட்யூட். அங்கே நான் காதையும் நம்புவேன். ஷின் பேடில் (முன்காலில் கட்டும் காப்பில்) பட்டால் மொத்தையான சத்தம் வரும், பந்தில் பட்டால் வேறு. சத்தத்தை மட்டும் வைத்து விசில் ஊத மாட்டேன், ஆனால் கண் பார்த்ததை அது உறுதிப்படுத்தும்.

உங்கள் மொபைல் வீடியோ விஷயம். அதை ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பார்த்து, சிவப்பு அட்டைதான் என்று நீங்கள் எல்லோரும் முடிவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்லோ மோஷன் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று வீடியோ உதவி ரெஃப்ரிகளுக்கான நடைமுறையே பிரித்துச் சொல்கிறது. எங்கே பட்டது, பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா போன்ற உண்மைகளுக்கு ஸ்லோ மோஷன். மோதலின் தீவிரத்துக்கு சாதாரண வேகம்தான். வேகத்தைக் குறைத்தால் டிஃபெண்டருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது போலத் தோன்றும், தற்செயலானது திட்டமிட்டது போலத் தெரியும். சில நேரம் பயங்கரமான அடியும் மெதுவாகப் பார்க்கையில் மென்மையாகத் தெரியும். ஆகவே வீடியோவை இரண்டு முறை பாருங்கள். முதலில் மெதுவாக: மோதும் கணத்தில் பந்து எங்கே இருக்கிறது, காலில் எந்த இடத்தில் எது படுகிறது. பிறகு சாதாரண வேகத்தில்: எவ்வளவு பலம். மோதும்போது பந்து கோட்டுக்கு உள்ளே இருந்தால் பெனால்டி கேள்வி உயிரோடு இருக்கிறது. வெளியே போயிருந்தால் அட்டை மட்டும்தான் கேள்வி.

அட்டையைப் பற்றி ஒரு நுணுக்கம். கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கான சிவப்பு அட்டை இதில் வராது என்பது என் வாசிப்பு. ஷாட் ஏற்கெனவே அடித்தாயிற்று, வாய்ப்பைத் தடுக்கவில்லை. மோதலின் தன்மைக்கு மட்டும்தான் அட்டை. நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டால், அதாவது சறுக்கல், ஊன்றிய கணுக்கால், பந்து போன பிறகு என்றால், பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கும்பட்சத்தில் நான் பெனால்டி கொடுத்து மஞ்சள் அட்டை காட்டியிருப்பேன். கால் விறைத்து நீண்டு, ஸ்டட்ஸ் முன்னால் இருந்து, பட்டது பூட்ஸுக்கு மேலே என்றால் சிவப்பு. காலை மடக்கி, பாதத்தின் பக்கவாட்டில் லேசாகப் பட்டிருந்தால், கோல் கிக் கொடுத்த ரெஃப்ரியோடு நானும் நின்றிருப்பேன், அவர் சொன்ன காரணத்தோடு அல்ல.

முடிவை இப்போது மாற்ற முடியுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். முடியாது. கோல் கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிய பிறகு, தான் தவறு செய்தது ரெஃப்ரிக்கே தெரிந்தாலும் அந்த முடிவைத் திருத்த 5-ஆம் விதி இடம் தராது. புகார் எழுதுவதாக இருந்தால் "பெனால்டி தரவில்லை" என்று எழுதாதீர்கள். அது மதிப்பீடு, யாரும் தொட மாட்டார்கள். ஷாட் எடுத்துவிட்டால் ஃபவுல் இல்லை என்று ரெஃப்ரி விளக்கம் சொன்னார், இது 12-ஆம் விதிக்குப் பொருந்துமா என்று ரெஃப்ரிகளை அனுப்பிய சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்ல முடியும், அந்த ரெஃப்ரியை உட்காரவைத்துப் பேசவும் முடியும். அடுத்த வருடத்துக்கு, இரண்டு கோட்டிலும் அணிகளைச் சேராத உதவி ரெஃப்ரிகள் வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் எல்லா அணிகளும் சேர்ந்து கேளுங்கள். பந்தின் பின்னால் ஒரு ஜோடிக் கண் போனாலும் அடித்தவரின் காலைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருக்கும்.